பிரெஞ்சில் தொண்ணூற்றாறு மார்க்

போன புரட்டாசியில், காரைக்காலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட நாடு பிரான்ஸ். சம்பந்தப்பட்ட ஆள் அந்த நாட்டின் முன்னாள் அதிபர். அவர் மேல் நடந்தது கிரிமினல் வழக்கு. இதில் உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. அவர்கள் போன பிறகும் அந்த நாட்டுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. என் மாமனார் குடும்பமும் அப்படித்தான். மாமா இளவயதிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பல வருடம் இருந்து, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர். இவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். ராணுவ வீரனுக்கான பிரெஞ்சுச் சொல் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. காரைக்காலில் இருந்துகொண்டே பிரான்ஸ் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறவர் அவர். அந்த முன்னாள் அதிபருக்கும் போட்டிருக்கிறார். ஒருமுறை அங்கே பழைய ராணுவத்தார் விழாவுக்குப் போனபோது அவரோடு கை குலுக்கிய போட்டோ எங்கள் ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் வரைக்கும் அதன் கதையைக் கேட்காமல் வெளியே போக முடியாது.

அந்த அதிபர் மேல் வழக்கு வந்தது. என்ன வழக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். மாதக்கணக்கில் படித்துச் சொன்ன எனக்கே அது முழுசாகப் புரியவில்லை.

ஏன் நான் படித்துச் சொல்ல வேண்டும்? மாமாவுக்குப் பிரெஞ்சு நன்றாகப் பேச வரும், பாட வரும், கோபம் வந்தால் திட்டவும் வரும். படிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். டிவியில் கேட்கலாம் என்றால் பீரங்கிப் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டது. இடது காது ஓரமாகப் போய்க் கத்தினால்தான் ஏதோ விழும். நான் மாட்டுவதற்கு முன்னால் படித்துக் காட்ட அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். வரிச்சிக்குடிக்காரர், அவரும் சொல்தாதான், கொஞ்சம் கூடப் படித்தவர். ‘ஐயா’ என்பதற்கு இங்குள்ள பழைய பிரெஞ்சு வழக்கம் ‘முசே’. எல்லோருக்கும் அவர் முசேதான். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து, காப்பி குடித்து, பிரெஞ்சுப் பத்திரிகையை உரக்கப் படித்துவிட்டுப் போவார்.

வழக்கு அந்த நட்பையும் கெடுத்தது. முசேக்கு அந்த அதிபரைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் பாதிக் காப்பியில், “இவனப் புடிச்சு உள்ள போடணும்ய்யா” என்றார். மாமா எழுந்து நின்றுவிட்டார். “கோர்ட்டு சொல்றதுக்கு முன்னாடி நீ யாருய்யா தீர்ப்பு சொல்ல?” என்று ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பிரெஞ்சுக்குப் போய்விட்டார்கள். முசே மீதிக் காப்பியைக் குடிக்காமலே செருப்பை மாட்டினார். அதோடு வரவே இல்லை. எங்கேயோ ஒரு ஆள் கோர்ட்டுக்குப் போனால் காரைக்காலில் இரண்டு கிழவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், அதற்கு நான் தண்டனை அனுபவிக்க வேண்டும்!

ஏனென்றால் வீட்டில் பிரெஞ்சு படித்தவள் நான் ஒருத்திதான். படித்தவள் என்றால், எங்கள் பக்கத்தில் மார்க்குக்காக நிறையப் பேர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுப்பார்கள், நானும் எடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. என் குடும்பம், என் பூனை, என் விடுமுறை என்று நாலு கட்டுரையை மனப்பாடம் செய்தால் போதும். ஒரு பிரெஞ்சுக்காரன் எதிரில் வந்து தண்ணீர் கேட்டால் என் பூனையைப் பற்றித்தான் அவனிடம் சொல்ல முடியும். ஆனால் அந்தத் தொண்ணூற்றாறை வைத்துக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டது உண்மை. அதற்கான பலன் வந்து சேர்ந்தது.

என் கணவர் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். அவர் தன் பங்குக்குத் தினமும் வழக்குச் செய்தியாகப் பார்த்து எனக்கு அனுப்பிவிட்டு, “அப்பாக்குப் படிச்சுக் காட்டிடு” என்று ஒரு வரி போட்டுவிடுவார். நெரவியில் அலுவலகம் முடித்து, ஸ்கூட்டரில் வீடு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மாமாவின் குரல் வரும். “இன்னைக்கு யாரும்மா சாட்சி?” அடுப்பில் பால் பொங்கும். இவருக்கு சாட்சி! நான் காதோரம் கத்தினால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிரெஞ்சில் படிப்பதை விட்டுவிட்டேன். நானே ஒரு பார்வை பார்த்து, தெரிந்த சொல்லையெல்லாம் பொறுக்கி, இங்கிலீஷ் மாதிரி இருப்பதற்கு இங்கிலீஷ் அர்த்தத்தைப் போட்டு, தமிழில் ஒரே வரியாகச் சொல்லிவிடுவேன். “இன்னைக்கு ஒண்ணும் பெருசா இல்ல மாமா.” அவர் ஒவ்வொரு முறையும், “அப்படியே படிம்மா, பிரெஞ்சுலயே படி” என்பார். எனக்குக் காதில் விழாதது மாதிரி இருந்துவிடுவேன். வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் காது கேட்காமல் இருக்க வேண்டுமா என்ன?

இந்த நிலைமையில் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. அவருக்கு இடது கண்ணில் பல வருடமாகவே பார்வை இல்லை. இருக்கிற ஒரே கண்ணில் புரை. டாக்டர் ஆபரேஷனை நல்லபடியாக முடித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இது ஒண்ணுதான் இருக்குன்னு ஞாபகம் வச்சுக்குங்க. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து. தூசி படக்கூடாது, கண்ணக் கசக்கக்கூடாது, குனியக்கூடாது. முக்கியமா அழுதுக்கிட்டு, கைய வச்சுத் தொடச்சுக்கிட்டு இருக்க விடாதீங்க” என்றார். எண்பதைத் தாண்டிய மனிதர் எதற்கு அழப்போகிறார் என்று நினைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது.

அன்றைக்கு அலுவலகத்தில் சரியான வேலை. வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. போனில் பன்னிரண்டு சதவீதம்தான் சார்ஜ். கணவர் செய்தியை அனுப்பிவிட்டு வேலைக்குள் போய்விட்டார். உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. மாமா நாற்காலியில் நிமிர்ந்து, கறுப்புக் கண்ணாடியோடு, காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

“சேதி வந்திருச்சாம்மா? அப்படியே படி. ஒரு எழுத்து விடாம படி.”

வியர்வை வழிய நான் போனைத் திறந்தேன். நீளமான செய்தி. மேலோட்டமாக ஓட்டினேன். குற்றவாளி என்று தீர்ப்பு, சிறை, அதுவரை புரிந்தது. அதற்குக் கீழே வந்தது அந்தச் சொல். அச்சு அசலாக இங்கிலீஷில் எழுதுகிற ‘எக்ஸிக்யூஷன்’. மேலே ஒரே ஒரு சின்னக் கோடு மட்டும் அதிகம். எக்ஸிக்யூஷன் என்றால் எனக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான். பக்கத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது. அது தெரியவில்லை. தெரியாததைத் தாண்டிப் போவதுதானே என் வழக்கம், தாண்டிவிட்டேன்.

காதோரம் போய்ச் சொன்னேன். “மாமா, குத்தவாளின்னு சொல்லிட்டாங்க. மரண தண்டனையாம்.”

மாமா சிரித்தார். “போம்மா. அங்க தூக்கெல்லாம் எடுத்து எத்தனையோ வருஷமாச்சு. திரும்பப் படி.”

“எழுதியிருக்கு மாமா. நானா எழுதுனேன்?”

“அந்தச் சொல்ல மட்டுமாவது பிரெஞ்சுல சொல்லும்மா. என்னன்னு போட்டிருக்கான்?”

அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் பசி, புழுக்கம், அடுப்பு பற்றவைக்கவில்லை, போனில் சார்ஜ் இல்லை, இதற்கு மேலே நான் படித்த படிப்பைச் சந்தேகப்படுகிறார்! “நீங்க இருந்த காலம் வேற மாமா. சட்டத்த மாத்தியிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அதற்குள் போனும் அணைந்தது.

ஹாலிலிருந்து அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அப்பாடா, இன்றோடு வழக்கு ஒழிந்தது என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மனிதருக்குத் தூக்கு என்று நானே சொல்லிவிட்டு, நானே நிம்மதியாக இடியாப்பம் பிழிந்தேன்.

தட்டை எடுத்துப் போனபோது கரண்ட் வந்துவிட்டிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் இரண்டும் நனைந்திருந்தது. கையில் வேட்டி முனை. அதால்தான் துடைத்திருக்கிறார், எத்தனை தடவையோ.

எனக்கு உயிரே போய்விட்டது. “என்ன மாமா பண்றீங்க! டாக்டர் என்ன சொன்னாரு! யாரோ ஒரு ஆளுக்காகக் கண்ணக் கெடுத்துப்பீங்களா?” என்று கத்தினேன். அன்றைக்கு அவருக்கு நன்றாகவே கேட்டிருக்க வேண்டும்.

“அவனுக்காகவா அழுவறேன்?” என்றார். “ஆளக் கொல்லாத நாடுன்னு நம்பித்தானம்மா எம் புள்ளைய அங்க அனுப்பி வச்சேன். நாட்ட ஆண்டவனுக்கே இந்தக் கதின்னா, மூட்ட தூக்குற எம் புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா யாரு கேப்பா? அவன வரச் சொல்லு. உடனே கெளம்பி வரச் சொல்லு.”

சாப்பிடவில்லை. சொட்டு மருந்தை மட்டும் கெஞ்சிப் போட்டேன். கணவருக்கு, “அப்பா அழறார், வேலை முடிஞ்சதும் கூப்பிடுங்க” என்று அனுப்பினேன், விடியும் வரை கூப்பிடவில்லை. அப்போதுகூட அந்தச் செய்தியை இன்னொரு தடவை திறந்து பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்!

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது. ஆணியில் மாட்டியிருந்த அவருடைய கோட்டைக் காணோம், மெடல் குத்தி வைத்திருக்கும் கோட்டு. மேஜையில் சொட்டு மருந்து அப்படியே இருந்தது.

ஈரத் தலையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். தெருவில் பார்த்தேன், டீக்கடையில் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருவர்தான், “சொல்தா ஐயாவா? வரிச்சிக்குடிக்குன்னு கேட்டு பஸ் ஏறுனாருங்களே. கோட்டெல்லாம் போட்டுருந்தாரு, ஏதாச்சும் விசேஷம்னு நெனச்சேன்” என்றார். அன்றைக்கென்று காற்று, ரோடெல்லாம் புழுதி. கிழவர் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து நினைத்து எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் மேல் ஆத்திரம், கணவர் மேல் ஆத்திரம், அந்த நாட்டு ஜட்ஜ் மேலும் ஆத்திரம். இந்தத் தீர்ப்பை ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

முசே வீட்டு வாசலிலேயே மாமாவின் செருப்பு கிடந்தது. உள்ளே இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் கை முசேயின் கைக்குள் இருந்தது. மாதக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள்! முசேயின் கண்ணும் சிவந்திருந்தது. அவருக்குப் பத்திரிகை இன்னும் வந்து சேரவில்லை, மாமா சொன்னதுதான் சேதி.

“உள்ள போடணும்னுதான்ம்மா சொன்னேன். தூக்குல போடுன்னா சொன்னேன்? எவ்ளோ பெரிய அநியாயம்” என்றார் என்னைப் பார்த்ததும்.

இரண்டு பேரும் அதற்குள் ஒரு முடிவும் எடுத்திருந்தார்கள். இப்போது பதவியில் இருக்கும் அதிபருக்குக் கருணை மனு! காரைக்கால் சொல்தாக்கள் சார்பில். முசே சொல்லச் சொல்ல, பிரெஞ்சு தெரிந்த நான் போனில் அடித்து அனுப்ப வேண்டுமாம். நான் மாமாவின் கையைப் பிடித்து, “மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க, சொட்டு மருந்து போடல” என்று இழுக்கிறேன். அவர் மனு முடியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். சரி, எதையாவது அடித்துத் தொலைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனை எடுத்தேன்.

“தீர்ப்புல இருக்கிற சொல்ல அப்படியே போடணும்மா, இல்லாட்டி மனு செல்லாது. போன்ல இருக்கிற பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது, அந்த வரிய நீ படி” என்றார் முசே.

படித்தேன். என் உச்சரிப்பு அவருக்கு விளங்கவில்லை. “எழுத்து எழுத்தாச் சொல்லு” என்றார். சொன்னேன். அவர் காற்றில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் சொல் முடிந்தது. நான் தாண்டிப்போன அந்த இரண்டாவது சொல்லும் முடிந்தது. முசே வாய்விட்டுச் சொன்னார்: “எக்செக்யூசியோன் புரொவிசுவார்.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

“புரொவிசுவார்னா தற்காலிகம். தற்காலிகமா எப்படிம்மா ஒருத்தன தூக்குல போடுவாங்க?”

மாமா காதை நீட்டி, “என்னது, என்னது?” என்றார். முசே அவர் இடது காதில் அந்தச் சொல்லைக் கத்தினார். மாமாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“எக்செக்யூசியோனா? அடப்பாவி! எங்க பட்டாளத்து சார்ஜன் தெனம் காலைல கத்துறதாச்சே அது! சொன்னதச் செய்யின்னு அர்த்தம். ‘வரிசைல நில்லு, எக்செக்யூசியோன்! துப்பாக்கியத் தூக்கு, எக்செக்யூசியோன்!’ தெனமுமா நாங்க தூக்குல தொங்குனோம்?”

முசேதான் முழுசாக விளக்கினார். அப்பீல் போட்டாலும் அதற்காகக் காத்திருக்காமல் தண்டனையை இப்போதே நடைமுறைக்குக் கொண்டு வருவது, அவ்வளவுதான். ஆள் சிறைக்குப் போக வேண்டும், உயிருக்கு ஒன்றுமில்லை. முசேக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னார். “அந்த ஒரு சொல்லத்தானேம்மா கேட்டேன்.”

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, என் துப்பட்டாவை அவர் முகத்தில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் ரத்தமாகச் சிவந்து, உள்ளே வீங்கியிருந்தது. “அழக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. என்ன நடந்துச்சு?” என்றார். என்னவென்று சொல்வது? பிரான்ஸ் நாட்டு முன்னாள் அதிபரைத் தவறுதலாகத் தூக்கில் போட்டுவிட்டேன் டாக்டர் என்றா? வேறு மருந்து எழுதினார். தொற்று வந்துவிட்டால் பார்வை போய்விடும், ஐந்தாறு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

அலுவலகத்துக்கு லீவு போட்டேன். மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து. ஒவ்வொரு தடவையும் நான்தான் இமையை விலக்கிப் போட்டேன். மாமா அண்ணாந்து, குழந்தை மாதிரி அசையாமல் இருப்பார். அந்த ஐந்து நாளும் அவர் வழக்கைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் நானே கணவர் அனுப்பியிருந்த செய்தியை எடுத்து, அவர் இடது பக்கம் நாற்காலியைப் போட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். தெரியாத சொல் வந்தால், “இது தெரியல மாமா” என்று எழுத்து எழுத்தாகக் கத்தினேன். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்தட்டும்! அரைப் பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மாமா நடுவில் என் உச்சரிப்பைக் கேட்டு இரண்டு தடவை சிரித்தார்.

ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. டாக்டர் கொஞ்ச தூரத்தில் நின்று விரலைக் காட்டினார். மாமா சரியாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏம்மா இவ்ளோ எளச்சுப் போயிட்ட?” என்று கேட்டார். நான் வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். எனக்கு ஆபரேஷன் ஆகவில்லை, நான் அழலாம்.

முசே மறுபடி வர ஆரம்பித்துவிட்டார். அந்த அதிபர் செய்தது சரியா தப்பா என்று இருவரும் இன்னமும் கத்திக்கொள்கிறார்கள், காப்பியை மட்டும் மீதி வைப்பதில்லை. தீர்ப்பு சொல்லப்பட்ட அந்த மனிதருக்காவது மேலே ஒரு கோர்ட்டு இருந்தது. “திரும்பப் படி” என்று என் மாமா என்னிடம் போட்ட அப்பீலை அடுப்படி அவசரத்தில் விசாரிக்காமலே தள்ளுபடி செய்தேனே, அந்தத் தீர்ப்பு மட்டும் இன்றைக்கும் என் பெயரில்தான் நிற்கிறது.